தொப்பை, பி.பி., சர்க்கரை மூன்றும் இருப்பவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? கிட்னி நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் கேட்டிருப்பது உங்கள் கணவரைப் பற்றி. வயது 52, டெல்லி மயூர் விஹாரில் வீடு, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ., மாத்திரை போட்டும் பி.பி. 146/92, வெறும் வயிற்றுச் சர்க்கரை 128, ட்ரைகிளிசரைடு 240, நல்ல கொழுப்பு என்கிற எச்டிஎல் 34, கிரியேட்டினின் 1.2. பி.பி.க்கு அம்லோடிபின் 10 மி.கி. ஒன்று, டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரை ஒன்று, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். முட்டி வலித்தால் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை தனி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேல் பட்டை பட்டையாகத் தடம் விழுந்திருக்கிறது. எதிர் ஃப்ளாட் ஆன்ட்டி, தினமும் 4 லிட்டர் தண்ணீர் குடித்தால் கிட்னி சுத்தமாகிவிடும் என்கிறார். கும்பகோணத்திலிருந்து உங்கள் கணவரின் அண்ணா போன் பண்ணி, கால் வீங்கினால் தண்ணீரை ஒரு லிட்டரோடு நிறுத்து என்கிறார். யார் சொல்வது சரி, கிரியேட்டினின் நார்மல் என்று லேப் ரிப்போர்ட்டில் போட்டிருப்பதால் கிட்னியைப் பற்றிக் கவலை வேண்டாமா என்று கேட்கிறீர்கள். அடுத்த மாதம் ரயிலில் ஊருக்குப் போவதைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

இருவர் சொல்வதும் உங்கள் கணவருக்குப் பொருந்தாது. கிழக்கு டெல்லியில் பொது மருத்துவராக இருப்பதால் கிட்டத்தட்ட இதே ரிப்போர்ட்டை நான் தினமும் பார்க்கிறேன். எல்லா வீட்டிலும் சண்டை தண்ணீரைப் பற்றித்தான் நடக்கிறது. உப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்த்தீர்களா என்று யாரும் கேட்பதுமில்லை. தண்ணீரைத் தாகத்துக்கும் வெயிலுக்கும் தகுந்தபடி குடிக்கட்டும். உப்பைப் பாதியாகக் குறையுங்கள். இந்த வாரமே சிறுநீரில் ஆல்புமின் - கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். ஏன் என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரியாவிட்டால் அடுத்த போன் காலில் இதெல்லாம் மறந்துபோகும்.

முதலில் அவருக்கு இருப்பது என்ன என்று பார்ப்போம். தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. அதைத் தொட்டாலே ஒரு புள்ளி. ட்ரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்குக் கீழ் (பெண்களுக்கு 50), பி.பி. 130/85 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல் என்று மீதி நான்கு. ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம். அவருக்கு ஐந்தும் இருக்கிறது. ஐந்து தனித்தனி வியாதிகள் என்று பார்த்தால் ஐந்து மாத்திரையோடு கதை முடிந்துவிடும். அடியில் இருப்பது ஒன்றுதான்: வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பும், அதனால் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காமல் போனதும்.

இதற்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் பலருக்கும் தெரியாத இடம். அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. வெளியே போவது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மீதி 99 சதவீதம் திரும்ப ரத்தத்துக்கே போகிறது. அதாவது சிறுநீரகத்தின் பெரும்பாடு வெளியேற்றுவதைவிடத் திரும்பப் பிடித்துக்கொள்வதில்தான். எதைப் பிடிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதை இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் தீர்மானிக்கின்றன. தண்ணீர் கூடிப் போனால் மூளையிலிருந்து வரும் ஏடிஎச் என்ற ஹார்மோன் குறைந்து, ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் வெளுத்த சிறுநீராக அது வெளியே போய்விடும். உப்பு அப்படி இல்லை. ஒரு நாள் கூடுதலாகச் சாப்பிட்ட உப்பு முழுக்க வெளியேற இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை தாகம் எடுத்து, தண்ணீர் குடித்து, உப்பு தனக்கு வேண்டிய தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்.

கணக்கு எளிது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் நார்மல் சலைன் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. உடம்பு 9 கிராம் உப்பைக் கூடுதலாகத் தேக்கி வைத்தால் அதோடு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் தேங்கும். காலில் விரல் பதியும் அளவுக்கு வீக்கம் தெரிய இரண்டு மூன்று லிட்டர் நீர் ஏற்கெனவே சேர்ந்திருக்க வேண்டும். ஆக, உப்பைத் தொடாமல் தண்ணீரை மட்டும் குறைத்தால் தாகத்தில் மனுஷன் வாடுவார், வீக்கம் அங்கேயே இருக்கும்.

இப்போது உங்கள் கணவரின் உடம்பில் நடப்பதைப் பாருங்கள். இன்சுலினுக்குத் தசையும் கல்லீரலும் செவிசாய்க்காததால் கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. ஆனால் இன்சுலின் சிறுநீரகத்துக்கும் ஒரு செய்தி சொல்லும்: உப்பைப் பிடித்து வை என்று. மற்ற இடங்களில் இன்சுலின் சொல் எடுபடாமல் போனாலும் இந்த ஒரு வேலை மட்டும் தடைப்படாமல் நடக்கிறது. கூடவே வயிற்றுக் கொழுப்பு ஆஞ்சியோடென்சினோஜென் என்ற பொருளைச் சுரக்கிறது. அது ஆஞ்சியோடென்சினாகி, ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கூட்டி, மறுபடியும் உப்பைப் பிடித்து வை என்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் நரம்புகள் எப்போதும் முறுக்கேறி இருக்கின்றன. போதாக்குறைக்கு வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு சிறுநீரகத்தையே சுற்றி நின்று அழுத்துகிறது. நான்கு பக்கமும் ஒரே உத்தரவு. அதனால்தான் இப்படிப்பட்டவர்களுக்கு உப்பு சாப்பிட்டால் பி.பி. மற்றவர்களைவிட அதிகம் ஏறுகிறது. சீனாவில் சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குச் சில நாள் குறைந்த உப்பும் சில நாள் கூடுதல் உப்பும் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2009-ல் வெளியானது. மெட்டபாலிக் சிண்ட்ரோமின் அம்சங்கள் கூடக்கூட உப்புக்கு பி.பி. ஆடும் ஆட்டமும் கூடியது.

இவ்வளவு உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு சமநிலைக்கு வர வேண்டும் என்றால் சிறுநீரகம் வேறு வழியில்லாமல் அதிகமாக வடிகட்டுகிறது. ஆரம்ப வருஷங்களில் வடிகட்டும் வேகம் இயல்பைவிடக் கூடுதலாகவே இருக்கும். ரிப்போர்ட் அழகாக இருக்கும். உள்ளே, குளோமருலஸ் என்கிற அந்தச் சின்னஞ்சிறு வடிகட்டிகள் ஒவ்வொன்றிலும் அழுத்தம் ஏறி, துணி நைந்த வடிகட்டியில் தேயிலைத் தூள் இறங்குவதுபோல ஆல்புமின் என்ற புரதம் கசிய ஆரம்பிக்கும். வலி கிடையாது, எரிச்சல் கிடையாது, சிறுநீர் குறையாது. வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பேறி மூடும்போது மீதி இருப்பவை அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்யும். கிரியேட்டினின் கண்ணில் படும்படி ஏறும்போது ஏறக்குறைய பாதி போயிருக்கும்.

ஆகவே அந்த 1.2-க்கு வருகிறேன். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. வயது என்ன, ஆணா பெண்ணா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. 2021-ல் திருத்தப்பட்ட சிகேடி-எபி சூத்திரத்தில் போட்டால், 52 வயது ஆணான உங்கள் கணவருக்கு 1.2 என்பது இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம், சுமார் 73. அதே 1.2 உங்கள் வீட்டில் 70 வயது மாமியாருக்கு வந்திருந்தால் சுமார் 49, அதாவது ஏற்கெனவே மூன்றாம் நிலைச் சிறுநீரக நோயின் எல்லைக்குள். பல லேப்களின் தாளில் இரண்டு பேருக்கும் பக்கத்தில் நார்மல் ரேஞ்ச் என்று ஒரே எண்தான் அச்சாகியிருக்கும். இஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 60-க்கு மேலே இருந்தாலும் ஆல்புமின் கசிந்துகொண்டிருந்தால் அதுவும் நாள்பட்ட சிறுநீரக நோய்தான். உங்கள் கணவருக்கு முதல் பாதி தெரியும், இரண்டாவது பாதி இன்னும் யாருக்கும் தெரியாது.

அந்தச் சோதனைக்கு லேப்பில் ஏசிஆர் என்று கேளுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொஞ்சம் ஒரு சின்ன டப்பாவில் கொடுத்தால் போதும். 24 மணி நேரம் சேகரிக்கத் தேவையில்லை. செலவு சில நூறு ரூபாய். 30-க்குக் கீழே இருந்தால் நல்லது, 30 முதல் 300 வரை கசிவு ஆரம்பித்துவிட்டது, 300-க்கு மேல் சிறுநீரக மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருக்கும்போதும், முந்தைய நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்திருந்தாலும் எண் பொய்யாக ஏறும். கூடுதலாக வந்தால் பதறாமல் மூன்று மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சாதாரண யூரின் ரொட்டீனில் புரதம் 'நில்' என்று வந்தது போதாதா என்று கேட்பார்கள். போதாது. அந்தப் பட்டைச் சோதனை சின்னக் கசிவைத் தவறவிட்டுவிடும்.

சரி, கால் வீக்கம். நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது அம்லோடிபின் 10 மி.கி. மேல்தான். அந்த மருந்து ரத்தம் கொண்டுவரும் நுண் தமனிகளை விரிக்கும், திரும்ப எடுத்துப்போகும் சிரைகளை அதே அளவுக்கு விரிக்காது. அதனால் கணுக்காலில் நீர் கசிந்து தங்கும். 5 மி.கி.யைவிட 10 மி.கி.யில் இது நிறையப் பேருக்கு வரும். இதில் தண்ணீர் குடித்த அளவுக்கும் பங்கில்லை, சிறுநீர் போகவைக்கும் மாத்திரையைக் கூட்டினாலும் பெரிதாகக் கேட்காது. நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் டாக்டரிடம் இதைச் சொல்லி, அம்லோடிபினைக் குறைத்து டெல்மிசார்ட்டானைக் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். அவர் அப்படி மாற்றினால் இரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் ஒரு தடவை பார்க்க வேண்டும். சர்க்கரைக்குப் பயோகிளிட்டசோன் சேர்த்திருந்தால் அதுவும் நீரைத் தேக்கும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ராத்திரி படுக்கப் போகுமுன் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பிடித்து எடுங்கள். குழி விழுந்து மெல்ல மேலே வந்தால் அது நீர். காலையில் எழுந்ததும் அதே இடத்தில் பாருங்கள். காலையில் இல்லாமல் சாயங்காலம் மட்டும் வந்தால் மருந்தோ, உட்கார்ந்தே இருப்பதோ, உப்போ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். காலையில் கண் இமை உப்பியிருக்கிறது, சிறுநீரில் கலையாத நுரை நிற்கிறது என்றால் புரதம் நிறையப் போகலாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, நாலு படி ஏறினால் இளைக்கிறது என்றால் இதயம் காரணமாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்கட்டு இருக்கலாம், அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள். இதோடு தினமும் காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் வந்த கொழுப்பு இல்லை, நீர்தான்.

இப்போது உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு; தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குள். நீங்கள் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் கம்மிதான் என்பார்கள். அதனால் நான் பாக்கெட் கணக்குதான் கேட்பேன். மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ உப்பு பாக்கெட் ஒரு மாதத்தில் தீர்ந்தால், தலைக்கு நாளொன்றுக்கு 11 கிராம். பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். அந்தக் கணக்கில் ஊறுகாய், அப்பளம், வெளியில் வாங்குவது எதுவும் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான்.

டெல்லித் தமிழ் வீட்டில் எனக்குத் தெரிந்து இரட்டை அடி விழுகிறது. நம் பக்கத்து மோர் மிளகாய், வடகம், ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வாங்கி வரும் நார்த்தங்காய், புளிக்காய்ச்சல் ஒரு பக்கம். இந்த ஊர் நம்கீன், பாப்படி, சாட் மசாலா தூவிய பழம், ஆபீஸ் கேன்டீன் சோலே இன்னொரு பக்கம். ரசத்தை இரண்டு கரண்டி சாதத்தில் விட்டு, இன்னொரு டம்ளர் குடிக்கவும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது டம்ளர் வேண்டாம். சாதம், சப்பாத்தி மாவு இரண்டிலும் உப்பே போடாதீர்கள். குழம்போடு சாப்பிடும்போது தெரியாது. எலுமிச்சையும் மிளகும் புளியும் கொஞ்சம் கூடினால் நாக்கு மூன்று நாலு வாரத்தில் பழகிவிடும். முதல் வாரம் முகம் சுளிப்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். இன்னொன்று, நவராத்திரி விரதத்துக்கு வாங்கும் சேந்தா நமக், நாம் சொல்லும் இந்துப்பு, காலா நமக் எல்லாம் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். அதனால் பாதுகாப்பு என்று நினைத்து இன்னொரு சிட்டிகை போட வேண்டாம்.

குறைந்த சோடியம் உப்பு என்று கடையில் விற்பதைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பாதிக்குப் பாதியோ குறைவாகவோ பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு நல்ல மாற்று. ஆனால் 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தபோதே, சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களை விலக்கித்தான் சொன்னது. டெல்மிசார்ட்டான் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்து. இஜிஎஃப்ஆரும் குறைந்துபோனால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குழப்பும். தினமும் இளநீர் குடிப்பதற்கும் இதே பேச்சுதான். உங்கள் கணவருக்கு ஒரு பொட்டாசியம் டெஸ்ட் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அடுத்து 4 லிட்டர் விஷயம். தண்ணீர் கிட்னியைக் கழுவும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. இதை உண்மையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவில், மூன்றாம் நிலைச் சிறுநீரக நோய் உள்ள 600-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேரைத் தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் வரை குடிக்கும்படி ஊக்கப்படுத்தி ஒரு வருஷம் கவனித்தார்கள். 2018-ல் முடிவு வந்தது: சிறுநீரகச் செயல்பாடு குறையும் வேகத்தில் இரு பிரிவுக்கும் வித்தியாசமில்லை. பயனில்லை என்பதோடு போனால் பரவாயில்லை. உங்கள் கணவர் போடும் தையசைடு என்ற சிறுநீர் போகவைக்கும் மாத்திரையோடு மடமடவென்று வெறும் தண்ணீரைக் குடித்தால், முக்கியமாக வயது ஏறினவர்களுக்கு, ரத்தத்தில் சோடியம் சரிந்துபோகும். தலைசுற்றல், குழப்பம், சில சமயம் வலிப்பு வரை போகும். ஜூன் மாதத்தில் இப்படி வருகிறவர்களை நான் பார்க்கிறேன். வீட்டில் எல்லோரும், "டாக்டர், தண்ணீர் நிறையக் குடிக்கிறாரே!" என்று ஆச்சரியப்படுவார்கள்.

தண்ணீரைக் கூட்ட வேண்டியவர்களும் உண்டு. சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அமிலத்தன்மையோடு இருப்பதால் யூரிக் அமிலக் கல் வரும் வாய்ப்பு அதிகம், அதனால் அப்படி ஏதும் முன்பு வந்திருந்தால் சொல்லுங்கள். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்கும் தண்ணீர் உதவும். அண்ணா சொல்வதுபோல் அளந்து குறைக்க வேண்டியவர்கள் வேறு: இதயம் பலவீனமானவர்கள், வயிற்றில் நீர் கோத்த கல்லீரல் நோயாளிகள், சிறுநீரே குறைந்துபோய் டயாலிசிஸில் இருப்பவர்கள். இஜிஎஃப்ஆர் 73 உள்ளவர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவுக்குக் குடித்தால் போதும். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் நிறம் எப்படியும் அடர் மஞ்சளாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கும் நாளுக்கு இரண்டு லிட்டர் சுற்றி வரும். ஆனால் மே, ஜூனில் டெல்லியில் லூ என்கிற அனல் காற்று அடிக்கும்போது கணக்கு மாறும். சென்னையில் வேர்த்துச் சட்டை நனைவதால் தண்ணீர் போவது கண்ணுக்குத் தெரியும். இங்கே வறண்ட காற்றில் வேர்வை உடனே காய்ந்துவிடும். சட்டை காய்ந்தே இருக்க, உடம்பிலிருந்து லிட்டர் கணக்கில் போயிருக்கும். வெளியே அலையும் நாளில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இடையிடையே குடிக்கட்டும். வெறும் தண்ணீர், உப்புப் போடாத நீர் மோர், சர்க்கரை இல்லாத எலுமிச்சைத் தண்ணீர் போதும். கரும்புச் சாறு, ரூஹ் அஃப்ஸா, குளிர்பானம் இவருக்குத் தாகத்தைத் தணிப்பதுபோல் தோன்றினாலும் சர்க்கரையையும் ட்ரைகிளிசரைடையும் யூரிக் அமிலத்தையும் ஏற்றிவிடும். ஓஆர்எஸ் வயிற்றுப்போக்குக்கு மருந்து, தினசரிப் பானம் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையோடு ஒத்துப்போகாத இனிப்புப் பானங்கள் 'ஓஆர்எஸ்' என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2025 அக்டோபரில் உத்தரவிட வேண்டி வந்தது, அந்த அளவுக்கு மக்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

வலி மாத்திரையைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே மிகவும் கவலை தந்த வரி அதுதான். வடிகட்டிக்குள் ரத்தம் வரும் வாசலைத் திறந்து வைப்பது புராஸ்டாகிளாண்டின். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மூன்றும் அதைத் தடுத்து வாசலைச் சுருக்கும். டெல்மிசார்ட்டான் வெளியே போகும் வாசலைத் தளர்த்தும். தையசைடு மொத்த நீரையே குறைக்கும். மூன்றும் ஒன்றுசேர்ந்து, அன்றைக்கு வெயிலில் வேர்த்தும் போயிருந்தால், வடிகட்டத் தேவையான அழுத்தமே இல்லாமல் ஓரிரு நாளில் கிரியேட்டினின் எகிறும். முட்டிக்குப் பாராசிட்டமால், மேலே தடவும் களிம்பு, தொடைத் தசைக்கான பயிற்சி. அதற்கும் கேட்கவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் "டெல்மிசார்ட்டானும் தையசைடும் போடுகிறார்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பற்பம், செந்தூரம், வாட்ஸ்அப்பில் வரும் கிட்னி சுத்தப் பொடி எதுவும் வேண்டாம்.

மருந்தில் சந்தோஷப்பட ஒன்று இருக்கிறது. சர்க்கரைக்காக வந்த டாபாகிளிஃப்ளோசின் சிறுநீரகத்தையும் காக்கிறது என்று 2020-ல் வெளியான, 4,304 பேர் கலந்துகொண்ட ஆய்வு காட்டியது. ஆல்புமின் கசிவும் இஜிஎஃப்ஆர் குறைவும் இருந்தவர்களுக்குச் சிறுநீரகச் செயல்பாடு பாதியாகவோ அதற்கு மேலோ சரிவது, டயாலிசிஸ், சிறுநீரக அல்லது இதய நோயால் மரணம் ஆகியவை சேர்த்து 39 சதவீதம் குறைந்தன. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. அதன் பிறகு இந்தியாவில் காப்புரிமை முடிந்ததால் விலையும் நன்றாக இறங்கிவிட்டது. ஏசிஆர் கூடுதலாக வந்தால் உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். ஆரம்பித்த முதல் சில வாரத்தில் இஜிஎஃப்ஆர் கொஞ்சம் இறங்கும். உள்ளே அழுத்தம் குறைகிறது என்பதற்கான அடையாளம் அது, பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆனால் இதைப் போட்டுக்கொண்டு ஏகாதசி என்று முழுப் பட்டினி இருக்கக் கூடாது. சர்க்கரை ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் ஆபத்து இருக்கிறது.

எடை 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பி.பி.யும் ஆல்புமின் கசிவும் இறங்கும் என்பதை நீங்கள் நூறு தடவை கேட்டிருப்பீர்கள், விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: அவர் குறட்டை விடுகிறாரா, ராத்திரி மூன்று நாலு தடவை எழுந்து சிறுநீர் போகிறாரா? கழுத்து தடித்தவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதும் இதற்குக் காரணமாக இருக்கும். பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புவதும் காரணம். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் அரை மணி நேரம் காலைத் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்லுங்கள், ராத்திரி எழுவது குறைகிறதா என்று பார்க்கலாம்.

கடைசியாக ரயில். பாத்ரூம் போக அலைய வேண்டுமே என்று அன்றைக்கு மாத்திரையும் போடாமல் தண்ணீரும் குடிக்காமல் வருவார் என்று எழுதியிருந்தீர்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கே ஒன்றரை நாள், அப்புறம் கும்பகோணம் வேறு. தையசைடு வருஷக்கணக்கில் போடுபவருக்கு அது சிறுநீரை விரட்டும் வேகம் முதல் சில வாரங்களிலேயே அடங்கிவிடும். ஒரு நாள் நிறுத்தினால் பாத்ரூம் பயணம் குறையாது, பி.பி.தான் ஏறும். வழக்கம்போல் காலையில் போடட்டும், தண்ணீர் குடிக்கட்டும், இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து பெட்டிக்குள் நடக்கட்டும். உட்கார்ந்திருக்கும்போது குதிகாலை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். இட்லிக்கு மிளகாய்ப் பொடி கட்டும்போது பொடியில் உப்பைக் குறைத்து அரையுங்கள், ஊறுகாய் பாட்டில் வீட்டிலேயே இருக்கட்டும். மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவனக் கலவை என்று அச்சிட்ட ஓஆர்எஸ் பாக்கெட் நாலு வாங்கிப் பையில் வையுங்கள். வழியில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து சாப்பாடு இறங்காமல் போனால் டெல்மிசார்ட்டான் - தையசைடு மாத்திரையையும் மெட்ஃபார்மினையும், டாபாகிளிஃப்ளோசின் ஆரம்பித்திருந்தால் அதையும், சாப்பாடு பழையபடி இறங்கும்வரை நிறுத்தி வைக்கலாமா என்று கிளம்புவதற்கு முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டு, அவர் சொல்வதை மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏசிஆர் டெஸ்டையும் கிளம்புவதற்கு முன் கொடுத்துவிடுங்கள், ரிப்போர்ட் போனுக்கே வந்துவிடும்.